ஸ்டாப்பர் பேக்கும் ஒரு கறவை மாடும்

என் வீட்டுக்காரர் பந்து விளையாடிச் சம்பாதித்தவர். கொல்கத்தாவில் சில வருஷம், கோவாவில் சில வருஷம், கடைசியில் கேரளத்திலேயே ஒரு கிளப்பில். தேவிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அந்த லயத்திலிருந்து விமானம் ஏறிய முதல் ஆள் தன் மகன்தான் என்று என் மாமியார் இன்றைக்கும் சர்ச் வாசலில் சொல்லிக்கொண்டிருப்பார். இவர் கோல் அடிப்பவர் அல்ல, தடுப்பவர். ஸ்டாப்பர் பேக். எங்கள் மலையில் சுருக்கமாகப் பேக்கு என்பார்கள். அந்தச் சொல்லுக்குத் தமிழில் இன்னொரு அர்த்தமும் உண்டு என்பதைக் கல்யாணமான புதிதிலேயே நான் அவருக்கு நினைவூட்டிவிட்டேன்.

பேக்கைக் கட்டிக்கொண்டவளுக்கு ஒரு கஷ்டம் உண்டு. டிவியில் கேமரா பந்துக்குப் பின்னாலேயே ஓடும். எதிராளி கோல் போட்ட பிறகுதான், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிற இவர் முகத்தைக் காட்டுவார்கள். மகன் முகம் தெரியவேண்டும் என்று மாமியார் ஜெபமாலை உருட்டுவார். தெரியக்கூடாது என்று நான் வேண்டிக்கொள்வேன். ஒரே வீட்டிலிருந்து இரண்டு விண்ணப்பம் போனால் மாதாதான் என்ன செய்வாள்?

முப்பத்தைந்து வயதை நெருங்கும்போது வலது முட்டி போய்விட்டது. ஆபரேஷன் செய்துகொண்டார். ஒரு சீசன் முழுக்க வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அடுத்த சீசனுக்குப் பயிற்சி என்று கிளம்பிப் போனவர், ஒரு வாரம் கழித்து இரண்டு பெரிய பைகளோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார்.

"என்னங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்றேன்.

"முடிஞ்சிருச்சு. சாரமில்ல" என்றார்.

போகட்டும் விடு என்பதற்கு மலையாளத்தில் சொல்வது அது. எங்கள் மலையில் எல்லார் வாயிலும் வரும். இவருக்கு எல்லாவற்றுக்குமே அதுதான். அன்றைக்கும் அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. நானும் சோறு போட்டேன்.

வீட்டில் சும்மா இருக்க அவருக்குத் தெரியவில்லை. ஸ்டாப்பர் பேக்கின் வேலையில் பாதி கத்துவது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பின்னால் நிற்பவனுக்குத்தான் மைதானம் முழுக்கத் தெரியுமாம். அதனால் முன்னால் இருப்பவர்களை அவன்தான் நகர்த்தி நிறுத்தவேண்டுமாம். சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "லெஃப்ட்ல பாரு, பால் பொங்குது" என்பார். நானோ தேயிலை ஃபாக்டரியில் நாள் முழுக்க சூப்பர்வைசர் சொல்வதைக் கேட்டுவிட்டு வருகிறவள்.

"கண்ணுக்குத் தெரியுதுல்ல, எட்டி அணைக்க வேண்டியதுதான?" என்றேன் ஒருநாள்.

"அது என் பொசிஷன் இல்ல" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

ஊரில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கோச்சிங் ஆரம்பி, டூரிஸ்ட் ஜீப் எடு, செயற்கைப் புல் போட்டு கிரவுண்ட் வாடகைக்கு விடு. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு ஒருநாள் மாட்டுப்பட்டிப் பக்கம் போய்விட்டு, பிக்கப் வண்டியில் ஒரு கலப்பினப் பசுவோடு வந்து நின்றார்.

"யாரக் கேட்டு வாங்குனீங்க?"

"டாக்டரு நடக்கச் சொல்லிருக்காரு. புல்லறுக்கப் போனா நடந்த மாதிரியும் ஆச்சு."

புல் அறுத்தார், சாணி அள்ளினார், மாட்டைக் குளிப்பாட்டினார். குறை சொல்வதற்கில்லை. ஆனால் கறக்க உட்கார்ந்தால் மட்டும் மாடு உதைத்தது. வேகமும் உடம்புமாக வந்த எத்தனையோ ஃபார்வர்டுகள் வருஷக்கணக்கில் மோதியும் அசையாத மனிதரை, அது ஒரே உதையில் சாணிக்குள் உட்காரவைத்தது. இந்தத் தடவை இடது முட்டி. மேல் லயத்து அக்கா ஒருத்தி வந்து தினமும் கறந்து கொடுத்துவிட்டுப் போனாள். அவள் கறக்கும்போது இவர் வீட்டுக்குள்ளேயே இருந்துகொள்வார்.

அந்தச் சமயத்தில்தான் பாலக்காட்டுக் கிழக்குப் பக்கத்திலிருந்து அவருடைய பழைய கூட்டாளி வந்தார். கோவாவில் எதிர் டீமில் ஃபார்வர்டாக ஆடியவர். பிறகு இருவரும் கேரளக் கிளப்பில் ஒன்றாக ஆடினார்கள். இப்போது சொந்த ஊரில் தென்னந்தோப்பு. உடுமலை வழியாகக் காரில் ஏறி வந்தவர், மறையூரில் இறங்கி ஒரு பை நிறைய வெல்ல உருண்டை வாங்கி வந்திருந்தார். வந்ததும் என்னிடம், "ஏனுங்க அம்மிணி, இந்தாளு ஊட்லயும் கத்துவாருங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அவருக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தேன்.

சாப்பிடும்போது ஒரு பழைய கோலைப் பற்றிச் சண்டை வந்தது. கோவாவில் இவரைத் தாண்டிப் போய் அவர் அடித்த ஒரே கோல்.

"கிரவுண்டு ஈரம். வழுக்கிருச்சு" என்றார் இவர்.

"ஈரம் எனக்கும்தானுங்களே இருந்துச்சு" என்றார் அவர்.

மத்தியானம் கறவை நேரம் வந்தது. கூட்டாளி, "நான் பாக்கறனுங்க" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொழுவத்துக்குப் போனார். மாட்டின் முதுகில் தட்டினார், கழுத்தைச் சொறிந்தார், என்னவோ பேசினார். பால் பாத்திரத்தில் சர்ரென்று இறங்கியது. மாடு அசைபோட்டுக்கொண்டு நின்றது. என் வீட்டுக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். டிவியில் பார்த்த அதே முகம்.

"மறுபடியும் கோல் வாங்கிட்டீங்க போல" என்றேன்.

கூட்டாளி திரும்பி, "எதிராளிய மார்க் பண்ண வர்ற மாதிரி வெறப்பா வந்தா மாடு ஒதைக்காம என்னுங்க பண்ணும்? ரெண்டு வார்த்தை பேசோணும், அவ்வளவுதான்" என்றார்.

"என்னத்தப் பேச?" என்றார் இவர்.

"என்னத்தையாச்சும் பேசுங்க. அது என்ன பேப்பர்லயா போடப் போகுது?"

கூட்டாளி மறுநாள் ஊருக்குப் போனார். இவர் மேல் லயத்து அக்காவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு வாரம் தொழுவத்திலிருந்து பாத்திரம் உருளும் சத்தம்தான் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. ஒருநாள் காலையில் கட்டஞ்சாயா எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே பேச்சுக் குரல் கேட்டதும் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"ஷூ லேஸக் கட்டிட்டு ரூம்ல உக்காந்திருக்கேன். மேனேஜரு போன் பண்றாரு. நல்ல மனுசன், சொல்ல முடியாம சுத்தி வளைக்கிறாரு. போன வச்சதுக்கப்புறம் லேஸ அவுக்கத் தோணல. வெளிய பசங்க பஸ்ல ஏறுற சத்தம் கேக்குது..."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எனக்கு ஒரே வார்த்தையில் முடித்த கதையை, ஒரு மாட்டுக்கு லேஸ் வரைக்கும் விவரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உள்ளே போய், கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தேன்.

"அப்புறம்?" என்றேன்.

அவர் கை நின்றது. மாடு திரும்பி என்னைப் பார்த்தது. "நீ வந்ததும் பால நிறுத்திருச்சு பாரு" என்றார்.

"நிறுத்தட்டும். பஸ்ல ஏறுனாங்க. அப்புறம்?"

பாத்திரத்தை ஓரமாக நகர்த்தி வைத்தார். "பஸ் போற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தேன். யாராவது வந்து கூப்பிடுவாங்கன்னு நெனச்சேன். என்னை டீம்ல இருந்து எடுத்தது அவங்களுக்குத் தெரியாதுல்ல."

"அழுதீங்களா?"

"கொஞ்சம்" என்றார். பிறகு சாயாவை வாங்கிக் குடித்தார். சர்க்கரை குறைவு என்று சொன்னார். நானும் சண்டை போடவில்லை.

இப்போது அவர் தினமும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். என் ஃபாக்டரி ஷிஃப்ட்டுக்கு முன்னால் நேரம் இருந்தால் நானும் தொழுவத்தில் போய் உட்காருவேன். கொல்கத்தா மழை, கோவாவில் உடைந்த மூக்கு எல்லாம் கேட்டாயிற்று. மாடு என்னையும் சகித்துக்கொள்ளப் பழகிவிட்டது.

போன மாதம் எஸ்டேட்டுகளுக்கு இடையே நடந்த பந்தாட்டத்துக்கு அவரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்களாம். கறவைக்கு நேரமாகிறது என்று பாதி ஆட்டத்திலேயே எழுந்து வந்துவிட்டார். தோளில் பொன்னாடையோடு தொழுவத்துக்குள் போனவரை நிறுத்தி, யார் ஜெயித்தது என்று கேட்டேன்.

"தெரியல" என்றார். "ரெண்டு பக்கமும் பேக்குக நல்லா நின்னானுங்க."