பெண் பார்க்கப் போய் டெலோமியர் பேசியது

பெண் வீட்டில் வாயைத் திறந்து ஏதாவது பேச வேண்டும் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். முன்பு இரண்டு இடங்களில் நான் காபியை மட்டும் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். ஒரு வீட்டில் மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமா என்று ஆள் விட்டு விசாரித்தார்கள். எனக்கு நாற்பத்தாறு வயது. இதுவும் தட்டிப்போனால் வேறு வரன் வராது என்பது எனக்கே தெரியும்.

பெண்ணுக்கு ஊர் ஸ்ரீமுஷ்ணம். ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆய்வக உதவியாளர். நான் ஐந்தாம் வகுப்பு. விருத்தாசலத்தில் அச்சில் களிமண் கரைசல் ஊற்றிப் பீங்கான் பொம்மை எடுப்பவன். அவரிடம் எதைப் பேசுவது? அக்கா என் தலைக்குச் சாயம் பூசும்போதுகூட செல்போனில் உயிரியல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனையிலும் டெலோமியர் ஒன்றுதான் மனதில் நின்றது.

பஸ்ஸில் அக்கா காதோடு சொன்னாள். “வயசு கேட்டா நாப்பத்தொண்ணுன்னு சொல்லு. நான் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன்.”

பெண்ணையும் என்னையும் வாசல் அறையில் உட்கார வைத்துவிட்டு, மற்றவர்கள் பாதி சாத்திய கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். அவர் எடுத்த எடுப்பில் வயதைத்தான் கேட்டார். பொய் சொல்லவும் வரவில்லை, அக்கா சொன்னதைப் பொய்யாக்கவும் மனமில்லை. மனப்பாடம் செய்தது வெளியே வந்துவிட்டது.

“செல்லுக்குள்ள குரோமோசோம் இருக்குதுங்க. அதோட முனையில டெலோமியர். எங்க அச்சு மாதிரி. ஊத்த ஊத்த அச்சு தேஞ்சு, பொம்மைக்கு மூக்கு சரியா வுழாது. செல்லு பிரியப் பிரிய இதுவும் குட்டையாவுது. எனக்கு ரொம்பத் தேஞ்சிருக்கணும், முடியெல்லாம் வெளுத்துப்போச்சு. இது சாயங்க.”

கதவுக்குப் பின்னால் அக்கா பலமாக இருமினாள்.

“மூக்கு தேயாதுங்க, ஓரம்தான் தேயும்” என்றார் அவர். முனையில் இருப்பது உருப்படியான தகவல் இல்லாத துண்டு. ஒவ்வொரு முறையும் அது குறைவதால் உள்ளே இருக்கும் தகவல் தப்பிக்கிறது. மிகவும் குட்டையானால் செல் பிரிவதை நிறுத்திக்கொள்ளும் என்று விளக்கினார். முடி நரைப்பது வேறு சங்கதியாம், நிறம் கொடுக்கும் செல்கள் வேலையை விட்டுவிடுமாம்.

“அத வெச்சு யாரோட வயசையும் கரெக்டா சொல்ல முடியாதுங்க. நீங்களே சொல்லிடுங்க.”

“நாப்பத்தாறுங்க.”

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளே கேட்கும்படியாகவே சொன்னார். “எனக்கு நாப்பத்துநாலு. எங்க அண்ணன் உங்க வூட்ல முப்பத்தெட்டுன்னு சொல்லியிருக்கும்.”

அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

“அண்ணே, எனக்கு இவரே சரி” என்று அவர் குரல் கொடுத்ததும் இரண்டு குடும்பமும் வெளியே வந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவருடைய அண்ணனும் என் அக்காவும் ஒரே நேரத்தில் முறுக்குத் தட்டில் கை வைத்தார்கள்.