மடங்காத கால்

மூட்டை தூக்குகிறவனுக்குத் தலையில் இருக்கும் பாரம் பெரிதில்லை. ஏற்றும்போதும் இறக்கும்போதும் முழங்கால் மடங்குகிறதா என்பதில்தான் பிழைப்பு இருக்கிறது. திண்டுக்கல் வெங்காய மண்டியில் பாதி ஆயுசு தூக்கியவன் சொல்கிறேன். அடிபட்டு நஷ்டஈட்டுக்கு அலைந்தவர்களுக்கு இதைப் படித்தால் வயிறு எரியும். எரியட்டும்.

சாத்துக்குடி

எண்பதுகளின் தொடக்கம். பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்த லாரி, என் இடது முழங்காலை மண்டிச் சுவரோடு வைத்து நசுக்கியது. ஆஸ்பத்திரியில் எலும்பு கூடியது. முட்டி மட்டும் மடங்காமல் கம்பு மாதிரி நின்றுவிட்டது.

முதலாளி சாத்துக்குடியோடு பார்க்க வந்தார். கேஸ் என்று போனால் லாரிக்காரர்கள் தன் மண்டிக்கு வரமாட்டார்கள் என்று அவருக்குப் பயம். இனி எப்படிப் பிழைப்பேன் என்று கேட்டேன். ஒரு பழத்தை உரித்து அவரே தின்றுகொண்டு சொன்னார்: "ஏலே, போனது காலுதான. மூட்டையத் தலையிலதான தூக்குற?"

நொண்டிப் பாடம்

கேஸ் போட்டேன். ஆயுசுக்கும் ஊனம் என்று கோர்ட் ஒத்துக்கொண்டால், லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி பெரிய தொகை தரவேண்டும். நாகல் நகரில் பெட்டிக்கடை வைத்து, உயர ஸ்டூலில் உட்கார்ந்து காலத்தை ஓட்டலாம். இல்லையென்றால் ஆஸ்பத்திரிச் செலவோடு சரி.

என் வக்கீல் என்னை வராந்தாவில் நடக்கச் சொல்லிப் பார்த்தார். விறைப்பாக, நேராக நடந்தேன். தாடி வளர்க்கவும், கக்கத்தில் கட்டை வைக்கவும், நடக்கும்போது முனகவும் சொல்லிக்கொடுத்தார். பொய்யாக எதற்கு முனகவேண்டும்? குந்தி வெளிக்குப் போக முடியவில்லை, தரையில் உட்கார்ந்து சோறு தின்ன முடியவில்லை, அதைச் சொல்லுங்கள் என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். "நொண்டத் தெரியாத ஆளுக்கு நான் எப்படிப்பா வாதாடுறது?"

வியாபாரி

கேஸ் வருஷக்கணக்கில் இழுத்தது. அடுப்பு எரியவேண்டுமே, மண்டிக்கே திரும்பினேன். குனிய முடியாத எனக்கு, கூட வேலை பார்த்த காளிமுத்து மூட்டையைத் தலையில் ஏற்றிவிட்டு, முன்னால் ஓடி இறக்கியும் விடுவான். அங்கே அவன் ஒருவன்தான் மனுஷன்.

ஒருநாள் ஒட்டன்சத்திரத்து வியாபாரி ஒருவர் வந்து, தன் மூட்டையை நான்தான் தூக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். வண்டிவரை தூக்கிப் போனேன். டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னார்: "ஏனுங்க, பட்டாளத்துக்காரர் மாதிரி நடக்கறீங்க. காலு உறுதியாத்தான் இருக்குதுங்க."

கூண்டு

அந்த ஆள் வியாபாரியே இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய ஆள். கோர்ட்டில் கூண்டேறி, நான் மூட்டை தூக்கி நடந்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். நடந்ததைப் பார்த்தவர் நான் உட்கார்ந்ததைப் பார்த்தாரா என்று கத்தினேன். கேட்டால்தான் பேசவேண்டும் என்று வாயை அடைத்தார்கள். நிரந்தர ஊனம் இல்லை என்று தீர்ப்பு வந்தது. படுத்துப் பிச்சை எடுத்திருந்தால் ஊனம். உழைத்துத் தின்றதால் இல்லை.

தீர்ப்பு நாளில் காளிமுத்து என்னைக் கோர்ட்டுக்கு எதிரே இருந்த ஹோட்டலுக்குக் கூட்டிப்போனான். பெஞ்சில் உட்கார்ந்தால் என் கால், ஆட்கள் நடக்கிற வழியில் நீட்டிக்கொண்டு நிற்கும். அதே சாட்சிக்காரர் சாப்பிட வந்தவர், அதில் தடுக்கித் தடுமாறினார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "ஏனுங்க, காலை மடக்கி உக்காரக் கூடாதுங்களா?"

சட்டப்படி நன்றாக இருக்கிற என் கால் இன்றைக்கும் நீட்டியபடியேதான் கிடக்கிறது. தடுக்கி விழுகிறவர்கள் நஷ்டஈடு கேட்டு என்மேல் கேஸ் போட்டுக்கொள்ளலாம்.