ஒரு குடம் தண்ணீரில் தேனி வரை

காலை 6.40, தேனி அல்லிநகரம். ஞாயிற்றுக்கிழமை, மே மாதம். பேட்டரியில் நூறு சதவீதம். மதினி சாவியைத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை.

"தம்பி, கிளம்பிருச்சா இல்லையா?"

"கிளம்பிருச்சு மதினி. மிதிங்க."

மிதித்தார். வீட்டு வாசலில் இருந்த எங்கள் அண்ணன் பின்னால் நழுவிப் போனார். பல் துலக்கும் பிரஷ்ஷோடு நின்று அவர் சொன்ன கடைசி வார்த்தை இது: "கயிறு வேணும்னா போன் பண்ணுங்க."

கயிற்றுக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மதினி அறிவியல் ஆசிரியை. பதவி உயர்வு வந்திருக்கிறது, ஆனால் இடம் லோயர் கேம்ப் பக்கத்தில் ஒரு பள்ளி. இங்கிருந்து 55 கிலோமீட்டர். சேர்கிறேன், அல்லது வேண்டாம் என்று திங்கட்கிழமை காலை எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் ஸ்கூட்டரில் விழுந்து இடது கணுக்காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு போக முடியாது, அண்ணனின் பழைய காரில் கிளட்ச் மிதிக்க முடியாது. அங்கேயே வீடெடுத்துத் தங்கலாம் என்றால் மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளை இங்கே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

அப்போதுதான் நான் இந்தக் குட்டி மின்சாரக் காரைக் கண்டுபிடித்தேன். பெரியகுளம் ரோட்டில் பழைய கார் விற்பவரிடம், மூன்று வருஷம் ஓடியது, நான்கு லட்சத்துப் பத்தாயிரம். இரண்டே பெடல். இடது காலுக்கு வேலையே கிடையாது. "ஞாயித்துக்கிழமை ஒரு நாள் ஓட்டிப் பாருங்க. ஆறு மணிக்குள்ள வண்டி வந்துரணும், போடியில இருந்து வேற ஒருத்தர் பாக்க வாராக" என்று கொடுத்தார். பாத்திரக் கடை வைத்திருக்கும் அண்ணன் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நம்ம கடைச் சம்பட டப்பாவுக்குச் சக்கரம் வச்ச மாதிரி இருக்கு" என்றார். அப்புறம் தீர்ப்பு: "லோயர் கேம்ப் போயிட்டுத் தானா உருண்டு வந்துச்சுன்னா வாங்கிக்கலாம். கயிறு கட்டி இழுத்துட்டு வந்தீகன்னா அதோட பேச்சை விட்ரணும்."

காலை 7.25, சின்னமனூர். 22 கிலோமீட்டர், 83 சதவீதம். டீ பன்னிரண்டு ரூபாய். வாழைத்தார் ஏற்றும் இரண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டுக் காரை நோக்கி வந்தார்கள்.

"இதுல எத்தனை பேரு உக்காரலாம்?"

"நாலு பேர்ண்ணே."

"நாலு பேரா, நாலு தாரா?"

மதினி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பேரு, ரெண்டு தாரு. ஏத்துறீகளா?"

அவர்கள் சிரித்தார்கள். ஒருவர் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, தலைக்கு மேல் எத்தனை விரல் இடம் இருக்கிறது என்று அளந்து பார்த்தார். மூன்று விரல். மனசில்லாமல் இறங்கினார்.

உத்தமபாளையம் தாண்டியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல், மேற்கே மலை சுவர் மாதிரி கூடவே வருகிறது, காருக்குள் ஃபேன் சத்தம் மட்டும். பம்ப்செட்டிலிருந்து தண்ணீர் தொட்டியில் விழுவதை ஓடுகிற காரில் இருந்தபடி கேட்டேன். இத்தனை வருஷம் இந்த ரோட்டில் எத்தனை தடவை போயிருக்கிறேன். அந்தச் சத்தம் இருப்பதே தெரியாது. ஒரு மாட்டுக்காரர் மட்டும் நாங்கள் பின்னால் வந்தது கேட்காமல் துள்ளி ஒதுங்கினார். "வாறது தெரியுற மாதிரி வாங்கத்தா," என்று மதினியைக் கடிந்துகொண்டார். நியாயம்தான். அதன்பின் ஆள் தெரிந்தாலே மதினி ஹாரனைத் தொட்டார்.

காலை 9.05, லோயர் கேம்ப். 55 கிலோமீட்டர், 55 சதவீதம். கணக்கு அழகாக உட்கார்ந்தது. வந்ததற்கு 45, போவதற்கு 45, மிச்சம் பத்து. பள்ளியின் பூட்டிய கேட் வழியாக மதினி உள்ளே பார்த்தார். வேப்பமரம், கை குழாய், நீளமாக ஒரு வராந்தா. ஜன்னலில் யாரோ பிள்ளைகள் ஒட்டிய சூரியக் குடும்பம், புதன் கோளைக் காணோம். "லேப் இருக்கும்போல," என்றார். கேட்டை விட்டு நகரவில்லை.

அந்த நேரத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். தலைக்கு மேலே மலையிலிருந்து பெரிய பெரிய குழாய்கள் இறங்குகின்றன. பெரியாற்றுத் தண்ணீர் அதற்குள் விழுந்து கீழே மின் நிலையத்தில் கரண்ட் ஆகிறது. "மதினி, குமுளி ஏழே கிலோமீட்டர். ஏறுறப்ப கொஞ்சம் செலவாகும், இறங்குறப்ப கால எடுத்தா கார் தானா சார்ஜ் ஏத்திக்கிரும். அந்தத் தண்ணி பண்ற வேலைய நாமளும் பண்ணலாம்."

"திரும்ப வந்துருமா?"

"ஏறுனதுல பாதி திரும்ப வந்துரும்."

எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படித்தவன் சொன்னால் நம்பித்தானே ஆக வேண்டும்.

ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் கார் வெட்டுக்கிளி மாதிரி தாவியது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப் ஒன்று எங்களுக்கு வழிவிட்டது. மலையாளி டிரைவர் எட்டிப் பார்த்து, "பயப்படண்டா சேச்சி, நீங்க முன்னால போங்க, நின்னா நான் தள்ளி விட்டுர்றேன்," என்றார். மதினி வளைவு முடிவதற்குள் அவரை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டார். கண்ணாடியில் ஜீப் மறைகிற வரை பார்த்துக்கொண்டே வந்தார். இரண்டு வருஷமாக யாராவது கூட்டிப்போனால்தான் போவேன் என்றிருந்தவர் முகத்தில் அப்படி ஒரு திமிரைப் பார்க்க எனக்குப் பரம சந்தோஷம்.

குமுளி, 10 மணி. 37 சதவீதம். நேந்திரங்காய் சிப்ஸ் கால் கிலோ வாங்கினோம். இறங்கும்போது காலை எடுத்தால் முள் எதிர்ப் பக்கம் சாய்ந்து, கரண்ட் பேட்டரிக்குள் திரும்பிப் போகிறது. நான் ஒவ்வொரு எண்ணாகச் சத்தம் போட்டுப் படித்தேன். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது. லோயர் கேம்ப் வந்துவிட்டது.

"பாதி வரும்னீகளே இன்ஜினியரே?"

பதினெட்டு போனதில் மூன்று வந்திருந்தது. வீட்டுக்கு 45 வேண்டும். கையில் 40.

காலை 11.40, கம்பம். என் போனில் காட்டிய சார்ஜர் ஒரு கட்டட வளாகத்தில் இருந்தது. திரை இருட்டு. வாட்ச்மேன் நிழலை விட்டு எழாமல் சொன்னார்: "ஆளு வருவாக, சரி பண்ணுவாகன்னு சொல்லிட்டுப் போனாக. ரெண்டு மாசமாச்சு. வண்டிய நிப்பாட்டிக்கங்க, நிழலு இருக்கு."

மதினி போனை எடுத்தார். அண்ணனுக்கோ என்று நினைத்தேன். இல்லை. ராயப்பன்பட்டியில் இருக்கும் ஜெசிந்தாவுக்கு. ஆசிரியர் பயிற்சியில் மதினியோடு படித்தவர்.

"ஏடி, ஒங்க வீட்டுல பதினஞ்சு ஆம்ப் ப்ளக் இருக்கா?"

"என்னடி, இத்தனை வருஷம் கழிச்சு மொதல் கேள்வியே இதுவா? இருக்கு. கிரைண்டர் போடுறது."

பகல் 12.30, ராயப்பன்பட்டி. 17 சதவீதம். கோயில் கோபுரத்தைத் தாண்டி இரண்டாவது தெரு. ஜெசிந்தாவும் அவர் கணவர் சேவியரும் வாசலிலேயே நின்றார்கள். சமையலறை ஜன்னல் வழியாக, காரோடு வந்த கேபிளை விட்டு ப்ளக்கில் சொருகினேன். சார்ஜர் பெட்டியில் பச்சை எரிய வேண்டும். சிவப்பு எரிந்தது. திரையில் ஒரு வரி: எர்த் இல்லை.

"என்னங்குது?" என்றார் ஜெசிந்தா.

"எர்த் இல்லைங்குதுக்கா. மண்ணோட இணைப்பு இல்ல."

"மண்ணு இல்லையா? சுத்தி மண்ணுதான கெடக்கு. இவுக தோட்டமே ரெண்டு ஏக்கர் இருக்கு."

நான் விளக்கினேன். வீட்டு வயரிங்கிலிருந்து ஒரு கம்பி பூமிக்குள் போக வேண்டும், கசிவு வந்தால் அது வழியே இறங்கிவிடும், அந்த வழி சரியில்லாவிட்டால் இந்தப் பெட்டி ஒரு யூனிட்கூட வாங்காது, அது நம் பாதுகாப்புக்குத்தான் என்று. படம்கூட வரைந்தேன். சிவப்பு விளக்கு அப்படியே எரிந்தது. மணி ஒன்று. இன்னும் ஐந்து மணி நேரத்தில் தேனியில் வண்டியை நிறுத்த வேண்டும், பேட்டரியில் இருப்பது சின்னமனூரைத் தாண்டக் காணாது.

சேவியரின் திராட்சைத் தோட்டம் பக்கத்திலேயே. "அண்ணே, பம்ப்செட் ரூம்ல எர்த் நல்லா இருக்குமே. ஒரு ரெண்டு மணி நேரம் அங்கன போடலாமா?"

அவர் மறுப்பதற்குச் சங்கடப்பட்டது தெரிந்தது. "தம்பி, அது கவர்மெண்டு வெவசாயத்துக்குச் சும்மா குடுக்குற கரண்டு. கொடிக்குத் தண்ணி பாச்சத்தான். காருக்குப் போட்டா தப்புல்ல. வீட்டு மீட்டர்ல எத்தனை யூனிட் ஓடுனாலும் ஓடட்டும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"அவுக சொல்றதுதான் சரி," என்றார் மதினி. அப்புறம் ஜெசிந்தா பக்கம் திரும்பி, "கிரைண்டர் போடுறப்ப ஷாக் அடிக்குதாடி?"

"லேசா சுள்ளுங்கும். செருப்புப் போட்டுக்கிட்டு மாவாட்டுவேன்."

"எத்தனை நாளா?"

"மழை நின்னதுல இருந்து."

மதினி எழுந்தார். "எர்த் குழி எங்கன இருக்கு?"

யாருக்கும் தெரியவில்லை. சேவியர் மீட்டர் பெட்டியிலிருந்து இறங்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனார். அது சுவரோரமாகப் போய், தேங்காய் மட்டைக் குவியலுக்கு அடியில் மறைந்தது. மட்டைகளை அள்ளிப் போட்டோம். அடியில் ஒரு சிமெண்ட் மூடி, அதற்குள் ஒரு குழாய். சுற்றிலும் மண் பாளம் பாளமாக வெடித்து, விரல் நுழைகிற அளவுக்கு விலகியிருந்தது.

"காஞ்ச மண்ணுல கரண்டு போகாது. எட்டாம் வகுப்புப் பாடம்," என்றார் மதினி. என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது. "கல்லுப்பு இருக்காடி? ரெண்டு கை. அப்புறம் ஒரு குடம் தண்ணி."

ஊற்றினார். மண் 'சொர்ர்ர்' என்று உறிஞ்சியது. ஒரு குடமும் போன இடம் தெரியவில்லை. பாதிக் குடம் இன்னும் ஊற்றினோம். வெயிலில் நால்வரும் அந்தக் குழியைச் சுற்றி நின்றோம். தோட்டத்திலிருந்து வந்த யாரோ வேலிக்கு அந்தப் பக்கம், "என்ன சேவியரு, மாங்கன்னா வச்சிருக்கீக?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ப்ளக்கைப் பிடுங்கிச் சொருகினேன். சிவப்பு.

பத்து நிமிஷம் விட்டு மறுபடி. சிவப்பு.

மதினி போனைக் கையில் எடுத்தார். அண்ணன் பெயர் திரையில் தெரிந்தது. அழுத்தவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னும் ஒரு குடம்," என்றார் சேவியர். அவரே கொண்டு வந்து, அவரே ஊற்றினார்.

1.50. பச்சை.

நான் கத்திவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஜெசிந்தா நேராகச் சமையலறைக்குப் போனார், செருப்பைக் கழற்றினார், ஒரு விரலால் கிரைண்டரைத் தொட்டார். இன்னொரு தடவை தொட்டார். "ஏடி, சுள்ளுங்கலடி," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கோழிக்குழம்பு, ரசம், அவர்கள் தோட்டத்துப் பன்னீர் திராட்சை. சாப்பிடுகிற நேரத்திலும் ஒரு கண் ஜன்னலில். மூன்று மணிக்குச் சேவியர், கேட்காமலே, குழிக்கு இன்னொரு செம்பு ஊற்றிவிட்டு வந்தார். யூனிட்டுக்குப் பணம் கொடுக்கப்போனேன். கிரைண்டரைக் காட்டி என் கையை மடக்கிவிட்டார்.

மாலை 4.15க்குக் கிளம்பினோம், 52 சதவீதம். ஏசி இல்லை, கண்ணாடி இறக்கியாயிற்று, வீரபாண்டியில் ஆற்றுக் காற்று. 5.40க்குப் பெரியகுளம் ரோடு. 18 சதவீதம். போடிக்காரர் காரைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார். அண்ணனும் அங்கே இருந்தார். முன்னால் குனிந்து பம்பருக்கு அடியில் கயிற்றுத் தடம் இருக்கிறதா என்று பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார், மதினியின் சேலையில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தார்.

"தள்ளுனீகளா?"

"தண்ணி ஊத்துனோம்," என்றார் மதினி.

கரண்ட் காருக்கு எதற்குத் தண்ணீர் என்று அண்ணனுக்கு விளங்கவில்லை. ஆனால் சொன்ன சொல் சொல்தான். விற்பவரிடம் பேசி முடித்து, சாவியை வாங்கி மதினி கையில் கொடுத்தார்.

ராயப்பன்பட்டியில் மட்டை அள்ளிக் குழி தேடிய நாங்கள் எங்கள் வீட்டைப் பார்த்தோமா? கட்டிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. எர்த் குழி எங்கே என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு போனால், அது அண்ணன் பைக் நிறுத்தும் இடத்துக்கு நேர் கீழே முடிந்தது. மழை வெயில் எதற்கும் இடம் மாறாத பைக் அது. அன்று இரவே வேறு மூலைக்குப் போனது. திங்கட்கிழமை மதினி 'சேர்கிறேன்' என்று எழுதிக் கொடுத்தார். அன்று மாலை அண்ணன் தன் கடையிலிருந்து ஒரு புதுக் குடம் எடுத்து வந்தார், பச்சை நிறம்.

இப்போது தினமும் காலையில், எர்த் குழி தண்ணீரை உறிஞ்சும் அந்தச் சத்தத்தில்தான் நான் விழிக்கிறேன். நேற்று எதிர்வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டார்: "அங்கன செடி ஒண்ணும் காணமே. எதுக்கு ஊத்துறீக?"

அண்ணன் குடத்தைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்திருந்தார்.

"லோயர் கேம்ப் போகணும்ல."