ஒரு குறையுமில்லை

அந்தப் படிவத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏழு பக்கம். கூரை ஓடா தகரமா, கக்கூஸ் வீட்டுக்குள்ளேயா வெளியேயா, டீவி உண்டா, உண்டென்றால் எத்தனை அங்குலம். புத்தளத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டடப் படம் வரைகிற படிப்புக்குச் சேர்ந்திருந்தேன். எனக்கு மாதாந்தம் ஓர் உதவித்தொகை தர வேண்டுமென்றால், என் வீட்டுக் கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு முதலில் தெரிந்தாக வேண்டுமாம்.

எனக்கு அந்தக் காசு விளையாட்டில்லை. எத்தாளையிலிருந்து புத்தளத்துக்குப் போய்வரும் பஸ் காசையே உம்மா அடுத்த வீட்டில் கைமாற்றாக வாங்கித்தான் தந்துகொண்டிருந்தார். உதவித்தொகை வராவிட்டால் அந்தத் தவணையோடு நின்றுவிடுவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. உம்மாவின் தங்கை, என் சாச்சி, தான் வேலை செய்யும் கார்மென்டில் எனக்கும் ஓரிடம் பேசி வைத்துவிட்டார். "படிச்சது போதும் புள்ள, வந்து மெசின்ல இரி" என்று கோல் எடுக்கும்போதெல்லாம் சொல்வார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு போனை உம்மாவிடம் கொடுத்துவிடுவேன்.

வாப்பாவுக்கு உப்பளத்தில் கூலி வேலை. தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் துரத்தியபோது, பதினாறு வயதில் உடுத்த சாரனோடு வந்து சேர்ந்தவர். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் கூலியும் இல்லை. சம்பளச் சீட்டு என்ற ஒன்றை அவர் கண்ணாலும் கண்டதில்லை. அதனால் எங்கள் பகுதிக்கான அரசாங்க அலுவலர், கிராம சேவகரே வீட்டுக்கு வந்து நிலைமையைப் பார்த்து எழுத வேண்டும் என்றார்கள்.

அவர் வரும் நாள் தெரிந்ததும் உம்மா செய்த வேலையைக் கேளுங்கள். அடுத்த வீட்டிலிருந்து இரண்டு நல்ல கதிரை, பூப்போட்ட கோப்பைகள், அரைப் பக்கற் பால்மா எல்லாம் இரவல் வாங்கினார். எங்கிருந்தோ முட்டை தேடி வட்டிலப்பம் அவித்தார். "என்னத்துக்கு உம்மா இவ்வளவு?" என்றதற்கு, "வீடு தேடி வாற மனிசனுக்கு வெறும் பிளேன்டீயா வைக்கிற? நல்லாரிக்கி உன்ட கதை" என்றார். நானும் மடைச்சி. மேசைவிரிப்பை ஸ்திரிக்கை போட்டு விரித்ததே நான்தான்.

கிராம சேவகர் எங்கள் மார்க்கத்தவர்தான், புத்தளத்துக்காரர். சலாம் சொல்லிக்கொண்டு வந்தார். "சுகமா சேர்?" என்று வாப்பா கேட்க, "அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையுமில்ல" என்று சொல்லிவிட்டு அந்த இரவல் கதிரையில் உட்கார்ந்தார். வட்டிலப்பம் ஒரு துண்டு சாப்பிட்டார், உம்மா வற்புறுத்த இன்னொரு துண்டும் சாப்பிட்டார். தகரக் கூரையை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு பேனையை எடுத்துக்கொண்டு, வாப்பாவை அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"எப்பிடி நானா, உங்கட பாடெல்லாம் எப்பிடிப் போகுது?"

"அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையுமில்ல சேர்" என்றார் வாப்பா.

வேறென்ன சொல்வார்? மண்வெட்டி காலில் பட்டு ஏழு தையல் போட்ட அன்றும் அதைத்தான் சொன்னார். காற்றில் கூரைத் தகரம் பறந்து நாங்கள் நனைந்துகொண்டு விடியும்வரை குந்தியிருந்தோமே, மறுநாள் விசாரிக்க வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னார். அல்லாஹ் தந்ததைப் பற்றி வெளியாளிடம் முறைப்பாடு வைப்பது எங்களுக்குப் பழக்கமில்லை. யார் சுகம் கேட்டாலும் வாயில் வருகிற பதில் அதுதான். இது எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கிராம சேவகர் ஏதோ எழுதினார். "நான் போட்டு அனுப்புறன்" என்றார், போனார்.

மூன்று கிழமைக்குப் பிறகு கல்லூரி அறிவித்தல் பலகையில் பெயர்கள் ஒட்டினார்கள். என் பெயர் இல்லை. மேலிருந்து கீழாக நாலுதரம் பார்த்தேன், இல்லை. கந்தோரில் இருந்த மிஸ் இரக்கப்பட்டு என் ஃபைலை எடுத்துக் காட்டினார். "குடும்பம் வசதியான நிலையில் உள்ளது. குறைகள் எதுவுமில்லை என விண்ணப்பதாரியின் தந்தையே தெரிவித்தார்." கீழே கையொப்பம், முத்திரை. மேன்முறையீடு செய்ய ஒரு கிழமை இருக்கிறது, அவரிடமே திருத்தி வாங்கி வாருங்கள் என்றார் மிஸ்.

நேரே கிராம சேவகரின் கந்தோருக்குப் போனேன்.

"சேர், நீங்க எங்கட வீட்டக் கண்டீங்கதானே?"

"கண்டன் மகள். கதிரை, கோப்பை, பால் தேத்தண்ணி எல்லாம் கண்டன்."

"அது அடுத்த வீட்டுக் கதிரை சேர். பால்மாவும் இரவல்."

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? வாப்பாவே ஒரு குறையுமில்ல எண்டு சொன்னாருதானே."

"நீங்களும் அண்டைக்கு வந்து அதத்தானே சொன்னீங்க! அதையும் எழுதினீங்களா?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்கட ஆக்களுக்கு எவ்வளவு குடுத்தாலும் பத்தாது" என்றார். உங்கட ஆக்கள்! மன்னாரிலிருந்து வந்த அகதிகளைச் சொல்கிறார். நான் பிறந்தது புத்தளம் ஆஸ்பத்திரியில். "வாப்பாவக் கூட்டிட்டு வாங்க. அவர்ட வாயாலேயே கஷ்டம் எண்டு சொல்லட்டும், எழுதித் தாறன்."

அந்த மனிதர் மேலிருந்த கோபம் முழுவதையும் வீட்டுக்குக் கொண்டுவந்து வாப்பாவின் தலையில் கொட்டினேன். அவர் வேலை முடிந்து வந்து உப்பில் வெடித்த காலைக் கழுவிக்கொண்டிருந்தார். "உங்கட பெருமையால என்ட படிப்பு நாசமாப் போகுது! கஷ்டம் எண்டு ஒரு சொல்லு உங்களுக்கு வாயில வராதா?" உம்மா உள்ளேயிருந்து "வாயப் பொத்துடி" என்று கத்தினார்.

"பெருமை இல்ல புள்ள" என்றார் வாப்பா. "சொல்லிப் பழகிட்டு."

மறுநாள் வேலைக்குப் போகாமல் குளித்து, ஜும்ஆத் தொழுகைக்குப் போடும் வெள்ளை ஷேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அப்போது நான் சொன்னதை எழுதக் கை கூசுகிறது. "இது வேணாம் வாப்பா. வேலைக்குப் போற ஷேர்ட்டப் போடுங்க." அவர் என்னை ஒருதரம் பார்த்தார். உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தார்.

கந்தோரில் பத்துப் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். அரைவாசிப் பேர் வாப்பாவுக்குத் தெரிந்தவர்கள். எங்கள் முறை வந்ததும் கிராம சேவகர் தலையை நிமிர்த்தாமலே, "சொல்லுங்க நானா, எப்பிடி உங்கட பாடு?" என்றார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று பழக்கத்தில் தொடங்கிவிட்டார் வாப்பா. பேனை அசையாமல் நின்றது. வாப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

"கஷ்டம்தான் சேர்."

"விளங்கல்ல."

"கஷ்டம் சேர். எங்களால ஏலாது." இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது. அவர் அதை அப்படியே எழுதி, வாப்பாவிடம் கையொப்பமும் வாங்கிக்கொண்டார்.

உதவித்தொகை கிடைத்தது. படிப்பை முடித்தேன். இப்போது சிலாபத்தில் ஒரு கட்டட நிறுவனத்தில் படம் வரைகிறேன். எங்கள் வீட்டுக் கூரைக்கு ஓடு போட்டாயிற்று, கதிரைகள் சொந்தக் கதிரைகள், அலுமாரியில் பால்மா இருக்கிறது. அந்த மனிதர் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. வெள்ளை ஷேர்ட்டைக் கழற்றச் சொன்னவள் மேலும் தீரவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வாசலால் போன ஒருவர், "சுகமா நானா?" என்று கேட்டார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் வாப்பா. அவ்வளவுதான், அதோடு நிறுத்திக்கொண்டார். கந்தோருக்குப் போய்வந்த நாளிலிருந்து இப்படித்தான். மற்றப் பாதியை அவர் வாயால் நான் பிறகு கேட்டதேயில்லை.

எனக்குத் தாங்கவில்லை. "ஏன் வாப்பா, இப்ப எங்களுக்கு ஒரு குறையுமில்லதானே? வாய்விட்டுச் சொன்னா என்ன?" என்று கேட்டேன்.

"வேணாம் புள்ள" என்றார். "ஆராச்சும் எழுதிப்போடுவாங்க."