ஒரு டிஷ், இரண்டு பெட்டி

இதை எழுதப் பல வருடம் எனக்குத் தைரியம் வரவில்லை. மலேசியாவின் கிள்ளானில் எங்கள் கூரையில், பல சேட்டிலைட் பக்கம் திரும்பும்படி மோட்டார் வைத்த டிவி டிஷ் இருக்கிறது. அதன் கேபிளை இரண்டாகப் பிரித்து, ஹாலில் இருந்த என் செட்-டாப் பெட்டி போக, அறையில் படுக்கையில் கிடந்த மனைவிக்கும் ஒரு பெட்டி வைத்தேன். அவள் திருப்பலி பார்க்கும்போது படம் போய்விடும். “எதையோ அமுக்கிட்டே!” என்று திட்டுவேன். அவள் ஜெபமாலையை எடுப்பாள்.

பழுது பார்க்க வந்தவர் கேபிளைப் பார்த்ததுமே சிரித்தார். “அங்கிள், டிஷைத் திருப்பச் சொல்றதே பெட்டிதான். நீங்க ஹால்ல வேற சேட்டிலைட் சேனல் போட்டா, ஆன்டிக்கு எப்படிப் படம் நிக்கும்லா?”

உள்ளிருந்து மனைவி குரல் கொடுத்தாள். “கேட்டீங்களா? நான் ஒண்ணும் அமுக்கலே!”

அன்றிலிருந்து திருப்பலி முடியும்வரை என் பெட்டியை அணைத்தே வைத்திருப்பேன். கடைசிவரை அவள் நிம்மதியாகப் பூசை கண்டாள். ஆண்டவருக்கு நன்றி. இதைப் பிறருக்குச் சொல்பவர்கள், நான் திட்டியதையும் விடாமல் அப்படியே சொல்லுங்கள்.