நம்பர் எழுதாத ஸ்டிக்கர்

கலாமணி அக்காவைப் பற்றி நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குத் தலைகுனிவான பகுதியையும் மறைக்கப்போவதில்லை. இதைப் படிக்கும் உங்களில் பலர் திருப்பூர் பனியன் கம்பெனியில் அவருடன் துணியில் குறை பார்க்கும் செக்கிங் மேசையில் நின்றவர்கள். ஒரு விஷயத்தை உங்களில் பலர் இன்றுவரை தவறாக நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அதற்குக் காரணம் நான்.

சனிக்கிழமை காலையில் அம்மா வந்து, "கண்ணு, கலாமணி போயிட்டாளாமா" என்றார். நான் நம்பவில்லை. யார் சொன்னது, எப்போது, எந்தக் கலாமணி என்று கேட்டேன். வெள்ளகோவிலில் அண்ணன் வீட்டு நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, அக்கா பஸ் ஏறியது வியாழக்கிழமைதானே? அவர் எண்ணுக்கே கூப்பிட்டேன். அண்ணன் எடுத்தார். "ஆமாங் கண்ணு. நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு." அதன் பிறகுதான் அழுகை வந்தது.

அவிநாசியில் எங்கள் வீட்டு மாடியில்தான் அக்கா குடியிருந்தார். தபால் வழியில் ஒரு பட்டம் வாங்கிவைத்திருந்தவர், நாற்பது வயதில் கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் கோவையில் காட்சிக்கலை முதுகலையில் சேர்ந்தார். கடைசிப் பருவத்தில் ஆய்வேடு. "படைச்சு வெச்சா மட்டும் பத்தாதாமா கண்ணு. ஏன் படைச்சேன்னு ஆராய்ச்சியும் எழுதோணுமாமா." ஓட்டை விழுந்ததால் கம்பெனி கழித்துப்போட்ட துணிகளை வரிசையாகத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு விளக்கு வைப்பது அவருடைய படைப்பு. செக்கிங் செய்யும் பெண்ணின் கண் எப்படிப் பார்க்கிறது என்பது ஆய்வு. அதற்காக உங்களில் ஆறு பேரின் பேச்சைப் பதிவுசெய்தார். பதினொன்றாம் வகுப்பில் இருந்த நான் தட்டச்சு செய்தேன்.

அந்த ஆறு பேரில் ஒருவரான வள்ளியம்மாள் அக்கா, "பாத்துப் பாத்துக் கண்ணு எரியும்" என்று சொல்லியிருந்தார். அது எனக்குப் போதவில்லை. "ஒளி வெள்ளத்தில் என் விழிகள் தீயெனக் கனன்றன" என்று அடித்துவைத்தேன். மறுநாள் அந்த வரியின்மேல் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கம்பெனியில் துணியின் குறையைக் காட்ட ஒட்டுவீர்களே, அதே ஸ்டிக்கர். அதில் 17 என்று எழுதியிருந்தது.

"வள்ளி இப்படிப் பேசியிருந்தா நாங்க மேசைய உட்டுப்போட்டு ஓடியிருப்போம்" என்றார் அக்கா. நான் அந்த எண்ணைப் பற்றிக் கேட்டேன். "அது என்ற நம்பர், செக்கிங்ல எனக்குக் குடுத்தது. ஸ்டிக்கர் ஒட்டுறவ நம்பரும் எழுதோணும். அப்பத்தான் தச்சவ நேரா வந்து, 'ஏனுங்க, இதுல என்னங்க குத்தம்?'னு கேக்க முடியும். நம்பர் இல்லாத ஸ்டிக்கர் வெறும் புரளி."

இதைக் கேட்ட பிறகும் நான் செய்ததுதான் இனி வருவது.

"துணிகள் கழிக்கப்பட்ட நிலையிலேயே உள்ளன, என் கை படவில்லை" என்று ஆய்வேட்டில் ஒரு வரி இருந்தது. அதை அடித்த வாரத்தில், மாடிக் கதவு இடுக்கில் அக்கா ஊசியும் கையுமாகத் துணிமேல் குனிந்திருப்பதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் துணியை மடித்து வைத்தார். ஓட்டைகளை அவரே போடுகிறார் என்று என் மனம் முடிவுகட்டிவிட்டது. அவர் இல்லாதபோது பள்ளி ஸ்கேலால் ஓட்டைகளை அளந்தேன். படம் எடுத்தேன். கழித்த துணியின் ஓட்டை இவ்வளவு வட்டமாக எப்படி இருக்கும்? அவரிடம் மட்டும் கேட்கவில்லை.

அத்தியாயங்களை அனுப்பிவந்ததால் வழிகாட்டிப் பேராசிரியையின் எண் என்னிடம் இருந்தது. எல்லாவற்றையும் அவருக்கு மெசேஜில் எழுதினேன். கடைசியில், "என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள் மேடம்" என்றும் சேர்த்தேன்.

சமர்ப்பிக்க ஒன்பது நாள் இருந்தபோது, விளக்கம் தராமல் கையெழுத்திட மாட்டேன் என்று பேராசிரியை அக்காவிடம் சொல்லிவிட்டார். அக்கா நேராக என்னிடம்தான் வந்தார். "அந்த வரிய எடு கண்ணு. நான் தொட்டேன். பனியன் துணில ஓட்டைய அப்படியே உட்டா நூல் பிரிஞ்சு கீழ வரைக்கும் ஓடிப்போகும். நிறுத்தறதுக்கு விளிம்பு சுத்தித் தச்சேன். ஓட்டை போடல. ஆனா கை படலன்னு எழுதுனது பொய்தானே?" ஒவ்வொரு ஓட்டைக்கும் என்ன செய்தார் என்று அவர் சொல்லச் சொல்லப் புதிதாக எட்டுப் பக்கம் அடித்தேன்.

யார் சொல்லியிருப்பார்கள் என்ற பேச்சு அதன் பிறகு எழுந்தது. நான் மெசேஜ் அனுப்பிய வாரம் மாடிக்கு வந்திருந்த வள்ளியம்மாள் அக்கா, "ஊசில குத்திப்போட்டு ஆராய்ச்சிங்கறா" என்று கேலி செய்திருந்தார். நீங்கள் எல்லோரும் அவரைத்தான் நினைத்தீர்கள். கலாமணி அக்காவும் அப்படித்தான். "மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்கலாம் அவ" என்று அவர் சொன்னபோது, தேநீர் டம்ளருடன் பக்கத்தில் நின்றிருந்தேன். டம்ளரை வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

வாய்மொழித் தேர்வுக்குத் துணிச்சுருள்களைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். வெளியூர்த் தேர்வாளர், "நீங்கள் வெட்டவில்லை என்பதை எப்படி நம்புவது?" என்று கேட்டார். "நம்பாதீங்க சார், பாருங்க" என்று அக்கா அறை விளக்கை அணைக்கச் சொன்னார். பின்விளக்கில் ஓட்டைகள் ஒளிர்ந்தன. ஒவ்வொன்றையும் சுற்றித் தையல் கருவளையமாகத் தெரிந்தது. ஒரே ஒரு துணியில் வளையம் இல்லை. ஓட்டை ஏணிபோல அடிவரை ஓடியிருந்தது. "இது தொடாதது. மத்ததெல்லாம் தொட்டது." தேர்வாளர் நாற்காலியை விட்டு எழுந்துவந்து பார்த்தார். அக்கா தேறினார். அந்த மகிழ்ச்சிக்கு வாங்கிய மைசூர்பாகு வள்ளியம்மாள் அக்கா வீட்டுக்குப் போகவில்லை.

"நோம்பி முடிச்சுட்டு வாரேன் கண்ணு" என்று அந்த வியாழக்கிழமை அக்கா பஸ்ஸிலிருந்து கையசைத்தார். வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உண்மையில் சொல்லியிருப்பேனா என்பதில் எனக்கே சந்தேகம்.

போன ஞாயிறு மாலை அந்த மாடி அறையில் துணிகளைப் பின்விளக்குகளுடன் தொங்கவிட்டு நானும் உங்களில் சிலரும் கூடினோம். வள்ளியம்மாள் அக்கா கடைசியாக வந்து வாசலோரம் உட்கார்ந்தார். யாரும் நகர்ந்து இடம் தரவில்லை. நான் எழுந்து, மெசேஜ் அனுப்பியது நான்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

வள்ளியம்மாள் அக்கா என் பக்கம் திரும்பினார். "இதச் சொல்றதுக்கு அவ போகோணுமாக்கும்?"

யாரோ, "வள்ளி, இங்க வந்து உக்காரு" என்றார்கள். அவர் அசையவில்லை.

அக்காவின் மிச்ச ஸ்டிக்கர் சுருளை அவருடைய அண்ணன் என்னிடம் கொடுத்துவிட்டார். அக்காவின் நினைவாக நான் வைத்துக்கொள்வது அது ஒன்றுதான். முதல் ஸ்டிக்கரில் தாரணி என்று என் பெயரை எழுதி, இந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். கேட்க வேண்டியவர்கள் நேரே வந்து கேட்கலாம்.

அந்த ஞாயிறு கடைசியில் வள்ளியம்மாள் அக்காதான் பேசினார். "லைட்ட அமத்துங்க. அவ துணியப் பாத்துட்டுப் போறேன், பஸ்ஸுக்கு நேரமாச்சு."

துணிகளின் பின்விளக்குகளை விட்டுவிட்டு அறை விளக்கை அணைத்தோம்.