பாதி மூட்டை விதை மல்லாட்டை

என் ஓரகத்தி நிலத்தில் குந்தி உட்கார்ந்து, களைக்கொத்தால் ஒரு குழி பறித்து, அதற்குள் வலது கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். வரப்பின் மேல் எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்போம். முதல் நாள் சாயங்காலம் மழை பெய்திருக்கும். ஈரம் ஒரு சாண் இறங்கியிருக்கிறதா என்று விரலை விரித்து அளப்பாள். பிறகு குழியின் அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டி என் பக்கம் வீசுவாள். அதைப் பிடிக்கிற வேலை எப்போதும் எனக்குத்தான். உருண்டை உடையாமல் என் கைக்கு வந்துவிட்டால், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "போங்கடீ, போய் உடைங்க" என்பாள். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு மூச்சே வரும்.

அவள் என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. செம்மண் மேடு, கிணறு கிடையாது, ஆடி மழையை நம்பி மல்லாட்டை போடுகிற ஊர். வெளியூர்க்காரர்கள் நிலக்கடலை என்பார்கள். விதை மல்லாட்டையை ஓட்டோடுதான் மூட்டை கட்டி வைத்திருப்போம். விதைக்கிற நேரத்தில் ஓட்டை உடைத்துப் பருப்பை எடுக்க வேண்டும். மிஷினில் போட்டால் பருப்பின் மூக்கு உடைந்துவிடும், முளைக்காது. அதனால் தெருவே சேர்ந்து இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு என்று உட்கார்ந்து கையால் உடைப்போம். உடைத்த பருப்பு பத்து நாள் தாங்கினால் அதிகம். அப்புறம் வண்டு விழும், சிக்கு வாடை வரும். அதற்குள் அடுத்த மழை வந்து, ஏர் ஓட்டி, மண்ணுக்குப் போய்விட வேண்டும். ஒரு தரம் உடைத்துவிட்டால் திரும்ப ஓட்டுக்குள் வைத்து மூட முடியாது இல்லையா, அதனால்தான் அந்த ஒரு வார்த்தைக்கு அத்தனை பேர் காத்திருந்தோம்.

எனக்கு அப்போதும் சரி இப்போதும் சரி, நாலு பேர் முன்னால் பேச வராது. அக்கா எனக்கும் சேர்த்துப் பேசுவாள். யாராவது என்னை ஏதாவது கேட்டு நான் தலையைக் குனிந்து நின்றால், "வாயில என்னா கொழுக்கட்டையா அடைச்சி வச்சிக்கினு கீற?" என்று எல்லோர் எதிரிலும் கேட்பாள். எனக்கு அழுகையும் வரும், சிரிப்பும் வரும். தொண்ணூற்று மூன்றில் அண்ணன் தம்பி பாகம் பிரிந்தார்கள். வீட்டுக்கு நடுவில் ஒரு சுவர் வந்தது, நிலத்துக்கு நடுவில் ஒரு வரப்பு வந்தது. ஆளுக்கு இரண்டு ஏக்கர். என் வீட்டுக்காரர் திண்டிவனத்தில் மூட்டை தூக்கப் போய்விடுவார், நிலத்தை நான்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் எப்போது விதைப்பது என்பது மட்டும் அக்கா கையிலேயே இருந்தது. அது எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் சொன்னாள், நான் செய்தேன். பல வருஷம் தப்பவில்லை.

எந்த வருஷத்திலிருந்து மாறியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு ஆடியில் அக்கா சொன்னபடி உடைத்து விதைத்தோம். அழகாக முளைத்தது. பிறகு நாற்பது நாள் ஒரு சொட்டு இல்லை. மேற்கே செஞ்சி மலைப் பக்கம் தினமும் மின்னும், காற்று அடிக்கும், மேகம் எங்கள் தலைக்கு மேலே வந்து நின்று பார்த்துவிட்டுப் போய்விடும். செடி பூவோடு காய்ந்தது. சரி, ஒரு வருஷம் அப்படித்தான் என்றோம். அடுத்த வருஷம் சாண் ஈரம் இருந்தது, உருண்டையும் உடையாமல்தான் என் கைக்கு வந்தது. உடைத்து வைத்துக்கொண்டு ஏர் ஓட்ட இன்னொரு மழைக்குக் காத்திருந்தோம். அது வரவே இல்லை. ஒன்றிரண்டு பேர் காய்ந்த மண்ணிலேயே போட்டார்கள், எறும்பு தூக்கிக்கொண்டு போனது. மற்றவர்கள் வீட்டில் சிக்கு வாடைதான் அடித்தது. வண்டு விழுந்த பருப்பை ஆட்டுக்குப் போட்டோம். ஆடுகூட மோந்து பார்த்துவிட்டு விலகிப் போனது.

டீக்கடையில் ஆண்கள் கிண்டல் செய்ய ஆரம்பித்தார்கள். அக்கா அந்த வழியாகப் போனால், "ஏம்மா, ரேடியோவுல இன்னிக்கு மழைன்னான். நீ என்னா சொல்ற, நாங்க கொடைய எடுக்கறதா வாணாமா?" என்று ஒருத்தர் கேட்பார். அவளும் விடமாட்டாள். "உனக்கு எதுக்குய்யா கொட, மொட்டத் தலையில தண்ணி நிக்கவா போவுது?" என்று கேட்டுவிட்டுப் போவாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் முறத்தை எடுத்து எதையாவது புடைக்க உட்கார்ந்துவிடுவாள். தெருப் பெண்கள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

அந்தச் சமயத்தில் வேளாண்மைத் துறையிலிருந்து ஒரு சார் வந்து கோயில் எதிரில் கூட்டம் போட்டார். வண்டியும் மிஷினும் விடுகிற புகையால் உலகம் முழுக்கச் சூடு ஏறுகிறது, அதனால் பருவம் மாறுகிறது என்று பொறுமையாகச் சொன்னார். நல்ல மனுஷர். போதுமான மழை பெய்த பிறகு விதையுங்கள் என்றார். அக்கா எழுந்து, "போதும்னு எப்படிங்க தெரியும்? எங்களுக்குச் சாண் கணக்குதான் தெரியும். அந்தச் சாண் இப்ப எங்களை ஏமாத்துதே?" என்று கேட்டாள். அவர் மழையை அளக்கிற கணக்கைச் சொன்னார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, பெய்த மழையைத்தான் அளக்கலாம், அடுத்த மழையை இவ்வளவு நாளில் வரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றார். அக்கா மெல்ல உட்கார்ந்தாள். எங்கேயோ இருக்கிறவர்கள் வண்டி ஓட்டினால், மிஷின் ஓட்டினால் எங்கள் மேட்டு நிலத்துக்கு ஏன் மழை தவற வேண்டும் என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்க வாய் வரவில்லை. நான் அஞ்சாவது வரைதான் படித்தேன், அதனால்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் வருஷம் எங்கள் வீட்டில் விதைக்கு ஒரே ஒரு மூட்டைதான் மீதி. அக்கா வீட்டிலும் ஒன்றுதான். இதுவும் போனால் நிலத்தில் சவுக்கு வைத்துவிடலாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். சவுக்கு வைத்தால் நாலு வருஷத்துக்கு அங்கே எனக்கு வேலையே கிடையாது. களை வெட்ட முடியாது, நிலத்துக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வீட்டை விட்டு வெளியே வரவும் முடியாது. அந்த ஆனிக் கடைசியில் நல்ல மழை பெய்தது. எல்லோரும் வரப்பில் போய் நின்றோம். அக்கா குழி பறித்தாள். கையை விட்டாள். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. பிறகு மண்ணைத் தள்ளிக் குழியை மூடிவிட்டு எழுந்தாள். உருண்டை பிடிக்கவில்லை, வீசவில்லை. "எனக்குத் தெரியலடீ. இனிமே யாரும் என்னைக் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். நான் இரண்டு கையையும் ஏந்தியபடி நின்றிருந்தேன் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது.

மூன்று நாள் மூட்டையைத் தொட்டுப் பார்ப்பதும் திரும்புவதுமாக இருந்தேன். உடைத்தால் போய்விடுமோ, உடைக்காவிட்டால் பருவம் போய்விடுமோ? யாரைக் கேட்பது? நாலாம் நாள் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு மூட்டையைப் பிரித்தேன். மூத்தவள் சொல்லாமல் இளையவள் உடைப்பது எங்கள் வீட்டில் நடந்ததில்லை. சத்தம் கேட்கக் கூடாது என்று துணியைப் போட்டு மூடிக்கொண்டு அதற்குள் கையை விட்டு உடைத்தேன். ஆனால் இடையில் இருக்கிறது ஒற்றைச் சுவர். படக் படக்கென்று கேட்காமல் இருக்குமா? அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"எதைப் பாத்து ஒடைக்கிற?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் பாக்கலக்கா. பயத்துல ஒடைக்கிறேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு எதிரில் உட்கார்ந்து, நான் மூடியிருந்த துணியை எடுத்துத் தூர வீசிவிட்டு, முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சாயங்காலம் வரைக்கும் இரண்டு பேரும் உடைத்தோம். அதற்கு மூன்றாம் நாள் இன்னொரு மழை வந்தது. ஏருக்குப் பின்னால் விதை போடவும் அவளே வந்தாள். ஆனால் தன்னுடைய மூட்டையை மட்டும் பிரிக்கவே இல்லை. அந்த வருஷம் வரப்புக்கு இந்தப் பக்கம் என் நிலம் பச்சை, அந்தப் பக்கம் அவள் நிலம் வெறும் மண்.

என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம், பேசாமல் இருந்துகொண்டு கெட்டிக்காரியாக இருக்கிறாயே என்றார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. வரப்பில் அக்கா எதிரில் வந்தால் நான் ஏதோ திருடியதுபோல் தலையைக் குனிந்துகொள்வேன். ஐப்பசி வந்தது. ஒரு செடியைப் பிடுங்கி ஓட்டைப் பிளந்து பார்த்தேன். உள்பக்கம் கருத்திருந்தால் முற்றிவிட்டது என்று கணக்கு. பாதி கருப்பு, பாதி வெள்ளை. இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்று விட்டேன். மறுநாள் பிடித்த மழை ஒன்பது நாள் விடவில்லை. முன்பு பூக்கிற நேரத்தில் நாங்கள் அழைத்தும் வராத மழை, பிடுங்குகிற நேரத்தில் வந்து நிலத்தில் முட்டிக்கால் தண்ணீர் நிறுத்தியது. வடிந்த பிறகு செடியைப் பிடுங்கினால் காய்க்குள்ளிருந்தே முளை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றிரண்டு மூட்டை தேறியது, அதுவும் விதைக்கு ஆகாது. அக்காவும் என்னோடு சேற்றில் நின்று பிடுங்கினாள். "எனக்குத்தான் ஒண்ணும் தெரியலன்னா, உனக்கும் தெரியல" என்றாள். அவள் குரலில் சந்தோஷம் இருந்ததா, துக்கம் இருந்ததா? எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்துவிட்டேன்.

அன்றைக்கு எங்கள் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து விதை என்று இருந்தது அவள் பிரிக்காத அந்த ஒரு மூட்டைதான். அடுத்த ஆனியில் அதை என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். பழைய மல்லாட்டை, எத்தனை முளைக்குமோ என்று பத்துப் பருப்பை ஈரச் சாக்கில் சுற்றி வைத்தோம். ஆறு முளைத்தது. "யோசனை பண்ணி வச்சியாக்கா?" என்று கேட்டேன். "யோசனையா? நீ பயத்துல ஒடைச்ச, நான் பயத்துல வச்சிக்கினு இருந்தேன். அவ்ளோதான்" என்றாள். ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். அந்தப் பாதியிலும் பாதியைத்தான் முதல் மழைக்கு உடைத்தோம். மீதியை அடுத்த மழைக்கு என்று ஓட்டோடு வைத்தோம். அந்த வருஷம் கொஞ்சம் தேறியது, அதிலிருந்து எல்லா வருஷமும் அப்படியே செய்தோம். முன்பு விதைத்ததா, பின்பு விதைத்ததா, எது நன்றாக வந்தது என்றால், ஒரு வருஷம் இது, ஒரு வருஷம் அது.

இப்போது அக்கா சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறாள், இரண்டாவது மாடி. அவள் நிலத்தில் மகன் சவுக்கு வைத்துவிட்டான். என் நிலத்தில் மட்டும் இன்னும் மல்லாட்டை. போன ஆடியில் மழை பெய்த மறுநாள் போன் செய்தாள். சென்னையிலும் மழையா என்று கேட்டேன். "இங்கியும்தான் பேய்து. நான் ஜன்னலச் சாத்திக்கினு படுத்துக்கினேன். யாரும் என்னை ஒண்ணும் கேக்கலடீ" என்றாள். நான் போனோடு போய் விதை மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு அவளே கேட்டாள்.

"ஒடைச்சியா?"

"பாதி ஒடைச்சேன்க்கா."

"எதைப் பாத்து?"

"ஒண்ணும் பாக்கல."

"சரி" என்றாள். போனை வைக்கவில்லை. அவள் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டே இருந்தது. நான் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அவளுக்குக் கேட்கட்டும் என்று ஒரு மல்லாட்டையை எடுத்து உடைத்தேன்.